நாலு விரக்கடை

வியாழக்கிழமை ஓவர்லாக் மிஷின் வருகிறது.
மூன்றடி இடம் வேண்டும்.
அந்த மூன்றடியிலும் மூட்டை.

சமாதானபுரத்தில், இந்த ஒற்றை ஷட்டர் கடையில்,
பதினோரு வருஷத்து வெட்டுத்துண்டு
எட்டு அரிசிச்சாக்கில் இருக்கிறது.
கட்டம் கட்டமாய் ஒட்டுப்போர்வை தைக்கத்தான் எல்லாம்.
இதுவரை தைத்தது இரண்டரை.
அந்த அரைப் போர்வை ஏழாவது சாக்கில்.

சட்டம் போட்டுக்கொண்டேன்:
நாலு விரக்கடைக்குக் கீழே எதுவும் தங்காது.
கறை பட்டது தங்காது.
வழுக்குகிற துணி, கத்தரி பட்டதும் நூல்நூலாய் உதிர்கிற துணி,
யோசிக்கவே வேண்டாம், வாசலுக்கு.

ஒர்க்‌ஷாப் இசக்கிராஜா தராசோடு வந்துவிட்டான்.
கிரீஸ் துடைக்க, கிலோ பதினஞ்சு.
பருத்தி மட்டும்தான் எடுப்பான்.
"பாலியெஸ்டர் எண்ணெ குடிக்காதுக்கா" என்று
ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிக் காட்டினான்.
எனக்கே.

நிறம் பார்த்துப் பிரிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.
கை நிறம் பார்க்கவில்லை,
ஆள் பார்த்தது.
இது பேச்சியம்மை மகள் சடங்குக்கு எடுத்த கிளிப்பச்சை.
இது ஹவ்வாம்மாள் சுரிதார்,
பெருநாளுக்கு முந்தின ராத்திரி பதினொன்றரைக்கு
பட்டன் வைக்காமலே வாங்கிப் போனாள்.
இது மரியபுஷ்பம்,
ரெண்டு மீட்டர் கொடுத்துவிட்டு ரெண்டரைக்குக் கணக்குக் கேட்பாள்.

"மிச்சம் வந்திச்சா?"
எல்லோரும் கேட்டதுதான்.
"எங்கக்கா, பத்தாம ஒட்டுப் போட்டுல்லா தச்சேன்."
எல்லோரிடமும் சொன்னதுதான்.

எட்டுச் சாக்குப் பொய்.
யாரும் நஷ்டப்பட்டுவிடவில்லை,
வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுப்புத்திண்டு துடைத்திருப்பார்கள்.
இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியாச்சு,
வாய் நிறைய குண்டூசி வைத்துக்கொண்டு.

ஐந்தாவது சாக்கில்
கடல்பச்சை, அதில் கடுகளவு மஞ்சள் புள்ளி.

அருள்வடிவு டீச்சர்.
வைகாசியில் தைத்தேன்.
மிச்சம் கேட்டாள், இல்லை என்றேன்.
ஐப்பசியில் அதே பிளவுஸோடு வந்தாள்,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மார்பு எடுத்த பிறகு.
வலது கை தோளிலிருந்து முழங்கை வரை
ஊறிப்போய் உருண்டிருந்தது.
"கக்கத்துல மட்டும் ஒரு துண்டு வச்சு விரிச்சுத் தாயேன்.
அதே துணி இருந்தா நல்லது."

இருந்தது.
என் முதுகுக்குப் பின்னால், மேலாகவே.
ஆனால் ஐந்து மாசத்துக்கு முன்னால்
இல்லை என்று சொல்லியிருக்கிறேனே,
இல்லாதது எங்கிருந்து வரும்?

வேறொரு பச்சையை வைத்துத் தைத்தேன்.
காசு வேண்டாம் என்றேன்.
அவள் கண்ணாடியில் கையைத் தூக்கிப் பார்த்தாள்.
"போர்டுல எழுதும்போதுதான் தெரியும்,
பரவால்ல" என்றாள்.
என்னை ரொம்ப நல்லவள் என்றும் சொன்னாள்.

விரலை வைத்து அளந்தேன்.
மூன்றரை.
சட்டப்படி வாசல்.

"அது பருத்திதானக்கா, போடுங்க."

அளவு நோட்டில் அவளுக்கு ஒரு பக்கம் உண்டு.
கைச்சுற்று பன்னிரண்டை அடித்து
பதினஞ்சேகால் என்று எழுதியிருக்கிறேன்.
கீழே போன் நம்பர்.
என்னவென்று சொல்லிக் கூப்பிட?
துணி கிடைத்துவிட்டது என்றா?
கிடைக்க அது எங்கே தொலைந்தது?

இசக்கிராஜா நாற்பத்தொரு கிலோ நிறுத்து
சைக்கிளில் ரெண்டு நடையாகக் கொண்டுபோனான்.
அறுநூற்றுப் பதினஞ்சு ரூபாய்.
மூன்றடியில் இப்போது ஒன்றரை அடி தெரிகிறது,
தரை இவ்வளவு சிவப்பு என்று மறந்தே போயிருந்தது.

ஆறாவது சாக்கை அவிழ்க்கிறேன்.
பழைய மிஷினில் ஊசிக்கு அடியில்
அந்த மூன்றரை விரக்கடை,
பாதத்தை இறக்கி வைத்திருக்கிறேன்,
ஃபேன் காற்றில் பறந்துவிடாமல்.