வெற்று எடை

தானியக் களஞ்சியத்தில் எடை போடுகிறவள் நான்.
கோதுமையோடு வரும் லாரியை ஒரு முறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது மறுமுறை.
முதலில் வந்ததில் பின்னால் வந்ததைக் கழித்தால்
உழுதவருக்கு உரியது.
இருபத்தொரு வருஷமாக எனக்குத் தெரிந்த கணக்கு
இது ஒன்றுதான்.

போன ஜனவரியில் என் ரசீதுக்கட்டைப் புரட்டிவிட்டு
ஓரிசியா கேட்டாள்:
‘கோஸ்டிக் மாமாவின் லாரி
காலியாக இருக்கும்போதே
அறுபது கிலோ பெருத்திருக்கிறதே அம்மா,
என்ன தின்றது?’
பனி.
அடிப்பலகையில் உறைந்து கிடந்த பனி.
எட்டு வயதுக்குத் தெரிந்தது
எனக்குத் தெரியவில்லை.

ஃப்ரீசன் டீச்சர் நல்லவர். ஒளிக்காமல் சொல்லிவிட்டார்:
‘ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடத்துகிறேன்,
இவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் மீதமில்லை.
தாளை முடித்ததும் பென்சில் சீவச் சொல்கிறேன்.’
அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளியில்
எல்லாப் பென்சிலும் ஊசி முனை.

அப்புறம்தான் இரவுச் சாப்பாடு முடிந்து
மடிக்கணினியைச் சுற்றி உட்காரத் தொடங்கினோம்.
அடுப்போரம் ரோமனின் பூட்ஸ் காய்ந்துகொண்டிருக்கும்.
வெளியே சஸ்காட்செவன் முழுக்க வெள்ளை,
காற்று பலத்தால் இணையம் படுத்துவிடும்.

முதல் வகுப்பில் ஒரு பீவர்.
விடை சரியென்றால் வாலைத் தட்டும்.
பதினாலாவது தட்டில்
‘அதற்கு வலிக்காதா’ என்றாள்.
மூடினோம்.

அடுத்தது அவளைச் சோதித்து
‘ஏழாம் வகுப்புக்கு வா’ என்று அழைத்தது.
வயதுக் கட்டத்தில் எட்டு என்று போட்டதும்
கதவைச் சாத்திக்கொண்டது.
பதின்மூன்று என்று போட்டுவிட
என் விரல் போனது, மறைக்க மாட்டேன்.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றில் நேரடியாக ஓர் ஆசிரியை,
கனிந்த குரல், அமெரிக்க டாலரில் கட்டணம்.
தீவன பில்லின் முதுகில் பெருக்கிப் பார்த்த ரோமன்
‘மாதம் ஒரு குளிர்கால டயர்’ என்றான்.

‘ஒரே வருஷத்தில் மூன்று வகுப்பு’ என்றது வேறொன்று.
எனக்குப் பிடித்திருந்தது.
‘எந்த ரயிலைப் பிடிக்க?’ என்றான் அவன்.

கடைசியாக ஒரு சாம்பல் நிறப் பக்கம்.
படமில்லை, வாலில்லை, பதினைந்து நாள் இலவசம்.
ஒரு கேள்வி மட்டும்:
இரு தட்டுத் தராசு.
ஒன்று முதல் நாற்பது கிலோ வரை
எல்லா முழு எடையும் நிறுக்க
குறைந்தது எத்தனை எடைக்கல் வேண்டும்?

ஆறு என்றாள், உடனே.
தவறு.
ஐந்து.
தவறு.
அந்தச் சொல்லை அவள் அதுவரை
தனக்கென்று படித்ததே இல்லை.
காது சிவந்தது. உதடு உள்ளே போனது.
அழப்போகிறாள் என்று நான் திரையை மடக்கப் போனேன்.
பென்சிலோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
‘மூடாதே.’

மறுநாள் எடைமேடை அறையில்
நானும் போல்ட்டுகளை அடுக்கிப் பார்த்தேன்,
லாரிகளுக்கு நடுவே, யாருக்கும் தெரியாமல்.
எடை போட்டே சம்பளம் வாங்குகிறவளுக்கு
வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, பல் துலக்கும் நுரையோடு
ஓடி வந்தாள்.
‘நான்குதான் அம்மா!
ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு.
சாமான் இருக்கும் தட்டிலும் கல்லை வைக்கலாம்.
வைத்தால் கழிந்துபோகும்.
நீ செய்கிற கணக்குதான்!’
நுரை என் சட்டையில் தெறித்தது.

இலவச நாட்கள் வெள்ளியோடு முடிகின்றன.
இதற்கும் காசுதான், டயரில் பாதி.
பழைய டயர் இன்னொரு குளிரைத் தாங்குமா என்று
ரோமன் குனிந்து குனிந்து பார்க்கிறான்.
இது போதுமா, கூடுதலா, எனக்குத் தெரியாது.
அடுத்த கேள்வியில் அவள் மாட்டிக்கொண்டு
இன்றோடு இரண்டு நாள்.
வீடு அமைதியாக இருக்கிறது.

கோஸ்டிக்கின் லாரி மேடையேற வருகிறது.
கையுறையை மாட்டிக்கொண்டு
துடைப்பத்தோடு வெளியே போகிறேன்,
நிறுப்பதற்கு முன்
பனியைத் தட்டிவிட.