பதினாறாம் நாள்

பனகல் சாலையில், பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில்
என் ஜெராக்ஸ் கடை.
வாசலில் தவணையில் வாங்கிய கேமரா.
பதினைந்து நாள் ஞாபகம் வைத்திருக்கும்.
பதினாறாம் நாள்
பழசின் மேலேயே புதுசை எழுதிக்கொள்ளும்.
மாட்டிக் கொடுத்த பையன் இதைப்
பெருமையாகத்தான் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை, அதிகாலை நாலு நாற்பத்திரண்டு.
குப்பைத் தள்ளுவண்டி, பின்னால் ஒரு பச்சைச் சட்டை.
வெள்ளைக் கார்.
சத்தம் பதியாத கேமரா என்பதால்
அந்த அம்மா சத்தமில்லாமல் விழுகிறார்.
கார் நிற்கிறது.
பதினொரு விநாடி
பிரேக் விளக்கு சிவப்பாக யோசிக்கிறது.
பிறகு போய்விடுகிறது.

பின்கண்ணாடியில் கல்லூரி ஸ்டிக்கர்.
என் கடையில் அச்சடித்தது.
தனுஷ்கோடி அண்ணன் மகன் நிதினுக்கு
காசு வாங்காமல் நான் கொடுத்தது.

தனுஷ்கோடி அண்ணன் யாரென்றால்,
ஊரடங்கில் ஐந்து மாத வாடகையை
"பைய குடுப்பா" என்றவர்.
என் மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்று
கடையை அடைத்துவிட்டு வந்து
ஒரு யூனிட் ரத்தம் கொடுத்தவர்.
அதாவது என் வீட்டில் அவர் ரத்தம் ஓடுகிறது.
உவமையாகச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.
கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.
"இது ஓடுதாப்பா?"
"சில நேரம் ஓடும்ணே."
"ம்" என்றார்.
எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.
மிரட்டவில்லை, கெஞ்சவில்லை,
டீக்கு வழக்கம்போல் அவரே காசு கொடுத்தார்.

போலீஸ் ஒருதரம் வந்தது.
ஆதார் நகல் எடுக்க.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்ப்பேன்.
முதலில் அந்த அம்மாவைப் பார்த்தேன்.
பிறகு காரை.
ஆறாம் நாளிலிருந்து அந்தப் பதினொரு விநாடியை மட்டும்.
இறங்கிவிடுவான், இந்தத் தடவை இறங்கிவிடுவான் என்று
ஒவ்வொரு தடவையும் தோன்றும்.
ஒன்பதாம் நாள்தான் உறைத்தது:
அவன் பதினொரு விநாடி யோசித்தான்.
நான் ஒன்பது நாளாக
பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

பதிமூன்றாம் நாள் மதியம்,
இடது கையில் மாவுக்கட்டோடு ஒருவர் வந்தார்.
டிஸ்சார்ஜ் சீட்டு. பெயர் பஞ்சவர்ணம். வயது நாற்பத்தேழு.
"அடையாளம் தெரியாத வாகனம்" என்று
நீல மையில் யாரோ அவசரமாக எழுதியிருந்தார்கள்.
ஒப்பந்தக் கம்பெனிக்கு மூணு காப்பி வேணுமாம்.
படுத்திருந்த நாளுக்குச் சம்பளம் கிடையாதாம்,
வேலையையாவது விட்டுவைப்பார்களா என்று
கேட்கப் போகிறாராம்.
எந்திரத்தின் வெளிச்சம் அந்த வரியின் மேல்
மூன்று முறை போய் வந்தது.
மூன்றிலும் தெளிவாக விழுந்திருந்தது.

"காசு வேணாம்மா."
"ஏன்? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"
தாள்களைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஒற்றைக் கையால் பர்சின் ஜிப்போடு மல்லுக்கட்டினார்.
ஒரு அஞ்சு, ஒரு ஒத்தை ரூபாய்.
மேசையில் வைத்துவிட்டு
என் வாசலைக் காட்டினார்.
"இங்கனதான் விழுந்தேன்."
எனக்குத் தெரியாத சேதியைச் சொல்வதுபோல.
"கடை பூட்டியிருந்துச்சு.
ஒங்களைச் சொல்லல."

நேற்று ராத்திரி பென்டிரைவில் ஏற்றினேன்.
நாற்பது விநாடிகூட ஆகவில்லை.
இவ்வளவுதானா என்றிருந்தது.
கல்லாப்பெட்டியில், ரப்பர்பேண்டுகளுக்கும்
அந்த ஆறு ரூபாய்க்கும் நடுவில் கிடக்கிறது.
அந்த ஆறு ரூபாயை இன்னும்
மற்ற காசோடு சேர்க்கவில்லை.

இன்று பதினாறு.
ஏழு மணிக்குத் தனுஷ்கோடி அண்ணன் வந்தார்.
இரண்டு டீ.
"இன்னிக்கு நான் குடுக்கிறேண்ணே" என்றேன்.
பத்து வருஷத்தில் முதல்முறை.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு மேலே பார்த்தார்.
டம்ளரைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.
ஆஸ்பத்திரி வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் திரும்பியது.
டீயில் ஆடை படியத் தொடங்கியிருந்தது.

தலைக்கு மேல் கேமரா
எங்கள் இருவரையும் எழுதிக்கொண்டிருந்தது,
அந்தச் செவ்வாய்க்கிழமையின் மேல்.