தூறல் நாள்

பெருமழையை நான் திட்டியதே இல்லை.
அது வந்தால் கோரையாற்றுக் கரைச்சாலையை
ஒரேயடியாகக் கழுவிவிட்டுப் போகும்.
அடியில் கிடக்கும் செங்கல் ஜல்லி பல்லைக் காட்டும்,
அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டிவிடலாம்.

இந்தத் தூறல்தான்.
தை மாசத்தில், யாரும் கூப்பிடாமல்,
குடை விரிக்கக் கூச்சப்படும் அளவுக்குப் பெய்து
ஒரு விரற்கடைக் களியை மட்டும் குழைத்து வைத்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் நின்றுகொள்ளும்.
மேலே வெண்ணெய்.
அடியில் கல்.
நடுவில் என் ஸ்கூட்டர்,
பின்னால் மூட்டையில் பதினேழு பார்சல்.

முன்பிரேக்கைத் தொடக்கூடாது.
தொட்டேன்.
போகவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும், பள்ளத்தைப் பார்க்கக்கூடாது.
பள்ளத்தைத்தான் பார்த்தேன்.
பள்ளத்திலிருந்து ஒரு மடையான்
என்னைப் பார்த்தது,
இடம் விட்டு நகரக்கூட இல்லை.
இவள் இங்கேதான் வருவாள் என்று
அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நேற்று மன்னார்குடி ஆபீசில்
இம்தியாஸ் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான்.
எங்கோ ஒரு வெள்ளை மலை.
காலில் நீளமாகப் பட்டை கட்டிக்கொண்டு
சிரித்துச் சிரித்துச் சறுக்கி வருகிறார்கள்.
டிக்கெட்டாம் அக்கா, ஆயிரக்கணக்கில்.
வழுக்குவதற்கா, என்றேன்.
கடைசியில் ஒருவன் மட்டும்,
பனி இறுகிக் கண்ணாடியாகிப் போன இடத்தில்
பட்டை பிடிக்காமல், பக்கவாட்டில் போய்,
வேலியில் மோதி உட்கார்ந்து
எதையோ சொன்னான்.
மொழி புரியவில்லை.
சொல் புரிந்தது.

அந்தச் சொல்லைத்தான் நானும் சொன்னேன்
மடையான் காதுபட.

மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில்
களி அடைத்துக்கொண்டு
சக்கரம் சுற்றமாட்டேன் என்றது.
கருவைக்குச்சி ஒடித்து நோண்டினேன்.
பத்தடி உருட்டினேன். மறுபடி நோண்டினேன்.
செருப்பு ஒன்று இரண்டு கிலோ,
இன்னொன்று எங்கோ.
டிராக்டரில் வந்த அருள்தாஸ் நிறுத்தி,
தள்ளிவிடவா, என்று கேட்டான்.
தள்ளினால் விழுவேன், பேசாமல் போ.
போனான்.
போகிற போக்கில் இருந்த கொஞ்சம் மேட்டையும்
இரண்டு வாய்க்காலாக உழுதுவிட்டுப் போனான்.

தாமதத்துக்குக் காரணம் கேட்டது செல்போன்.
வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.
முகவரி தவறு.
வண்டி பழுது.
சுண்டுவிரல் நுனியால்
மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.
களிமண் என்று ஒன்று இல்லை.
இதை எழுதியவன் தார்ரோட்டில் பிறந்திருக்கவேண்டும்.
வண்டி பழுது என்று போட்டேன்.
நல்ல வண்டிமேல் பொய் சொன்னதற்கு
அடுத்த வளைவில் அது என்னைக் கீழே போட்டது.

மேலத்தெரு கோமளவல்லி அம்மாள்
படலைத் திறந்து தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு,
அங்கேயே நில்லும்மா, இப்பதான் மெழுகினேன், என்றாள்.
பார்சலை இரண்டு விரலால் வாங்கினாள்.
உறையின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தேன்:
வழுக்காத கால்மிதி, இரண்டு.
சிரிப்பு வரவில்லை.
ஓ.டி.பி.யும் வரவில்லை.
சிக்னலுக்காக அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி
வைக்கோல்போரைச் சுற்றி நடந்தாள்,
நான் வேலிக்கு வெளியே காய ஆரம்பித்தேன்.
முழங்கையிலிருந்து ஒரு சில்லு
தானாக உதிர்ந்தது.

இன்னும் பதினொன்று.
திரும்பும்போதும் இதே கரை, இதே வளைவு.
நான் விழுந்த இடத்தில்
ஹேண்டில் கிழித்த கோடும் என் ஐந்து விரலும்
யாரோ கையெழுத்துப் போட்டதுபோல் கிடந்தன.

கிழக்கே, கடல் பக்கம், கறுத்திருந்தது.
வா, வந்து கொட்டித் தொலை,
ஒரே அடியாகக் கழுவிவிடு, என்றேன்.

சத்தமில்லாமல்தான் சொன்னேன்.
இருபக்கமும்
அறுப்புக்குத் தலைசாய்ந்து நின்றது சம்பா,
வரப்பில் குத்தவைத்து
அருள்தாஸும் அதே மேகத்தைத்தான்
பார்த்துக்கொண்டிருந்தான்.