படிகளுக்குக் கீழே

சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது.
பத்தொன்பது வருடத்தில்
ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாய்ப் பார்த்ததில்லை நான்.
தலைக்கு மேலே தகரப் படிகள்,
படிகளில் கான்சஸின் காற்று,
காற்றுக்குள் ஆயிரத்து இருநூறு பேர்.
மழை மிரட்டினால் எண்பது.

காதால்தான் எனக்கு பேஸ்பால்.
அலுமினிய மட்டை 'டிங்' என்றால்
பந்து எங்கோ கிளம்பிவிட்டது.
படிகள் அதிர்ந்தால் வேலிக்கு அப்பால்.
எல்லோரும் மூச்சை இழுத்து
அப்புறம் விடாமலே இருந்தால்
எவனோ கையுறையை உயர்த்திப் பிடித்துவிட்டான்.

மிச்சத்தைத் துணி சொல்லும்.
இடது தொடையில் நீளமாய்ச் செம்மண்:
இரண்டாம் தளத்தைத் திருடியிருக்கிறான்.
நெஞ்சில் மண்: தலைகுப்புறப் பாய்ந்தவன்.
ஒரு பொட்டுக்கூட இல்லாத வெள்ளைக் கால்சட்டை
பெஞ்சில் உட்கார்ந்தே வீட்டுக்குப் போனவனுடையது.
அதையும் துவைப்பேன்.
அதற்கும் அதே சோப்பு.

அந்த ஜூலையில்
மூன்று பேருக்குத் தொலைபேசி வந்தது.

ஆரின் வான்டவீருக்கு முதல் நாளே.
இடது கைக்கு மட்டும் நான்கு லட்சம் டாலர்,
மீதி உடம்பு இனாம் ஓபல், என்று சிரித்தான்.
இரண்டாம் வருடம் முழங்கையை அறுத்து
மணிக்கட்டின் தசைநாரை அங்கே தைத்தார்கள்.
இப்போது சலைனாவில்
தானியக் குதிர்கள் விற்கிறான்.
இடது கையைச் சட்டைப்பையில் வைத்தபடியே பேசுகிறான்.

டியோடோரோ கின்யோனெஸுக்கு
ஆறு வருடம், பதினொரு ஊர், பதினொரு சட்டை.
அவன் பெயரில் ஓர் எழுத்தின் தலையில்
சின்னதாய் ஓர் அலை உண்டு.
எந்த ஊரும் அதைத் தைக்கவில்லை.
இங்கே நான் நீல நூலால் தைத்திருந்தேன்,
யாரும் கேட்காமலே.
பஸ்ஸிலிருந்து நள்ளிரவில் படம் அனுப்புவான்:
முதுகைக் கண்ணாடிக்குக் காட்டி,
அலை இல்லாத பெயர்.
கீழே ஒரு வார்த்தையும் இருக்காது.

மூன்றாமவன் காசிமிர் டூடெக்.
கடைசிச் சுற்றில், எல்லோரும் எழுந்து போனபின்
கூப்பிடப்பட்ட பெயர்.
ஆயிரம் டாலர், ஒரு விமானச் சீட்டு.
அங்கே மரமட்டைதான், என்றான் முதல் ஏப்ரலில்.
குளிரில் பந்து கைப்பிடிப் பக்கம் பட்டால்
உள்ளங்கையில் குளவி கொட்டுதாம்.
இங்கே பறந்ததில் பாதி
என்னால் பறக்கவில்லை போல, என்றான்.
எதிர்முனையில் ஒரு குளிர்பான எந்திரம்
உறுமிக்கொண்டே இருந்தது.

அவன்தான் மேலே போனான்.
யாரோ ஒருவனின் கட்டைவிரல் முறிந்ததால்,
ஆகஸ்டில், ஒன்பது நாள்.
எட்டு நாள் சூரியகாந்தி விதை மென்றான்.
ஒன்பதாம் இரவு, நொண்டிய ஒருவனுக்குப் பதிலாக
முதல் தளத்தில் ஓடவிட்டார்கள்.

நான் மூன்றாம் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்தினேன்.
வானொலியில் 'டக்' என்றது மரம்.
கேட்டுப் பழகாத ஒலி,
எவ்வளவு தூரம் என்று காதுக்குத் தெரியவில்லை.
இரண்டாம் தளத்தைத் தாண்டுகிறான் டூடெக்,
மூன்றாம் தளத்துக்குச் சறுக்குகிறான்…
அவுட்.
விளம்பரம் வந்தது. டிராக்டர் டயர்.

நவம்பரில் ஒரு பொட்டலம்.
அந்தக் கால்சட்டை.
கேட்டு வாங்கினானா, சுருட்டினானா, தெரியாது.
முழங்காலில் செங்கல் நிறக் கறை.
துவைக்காதே என்று சீட்டு எதுவும் இல்லை,
அதனால் துவைத்தேன்.
போகவில்லை.
வினிகர் ஊற்றினேன். போகவில்லை.
மேலே மண்ணே வேறு போலிருக்கு, என்றேன் தொலைபேசியில்.
இல்லை ஓபல், விசாரித்தேன்,
நம்ம மைதானத்துக்கு வர்ற அதே குவாரிதான், என்றான்.
குரலில் ஏதோ ஒரு வருத்தம்,
அல்லது தூக்கம்.

மார்ச்சில், நான்காம் தடவையாக,
பெஞ்சுப் பையன்களின் வெள்ளைகளோடு
சேர்த்துப் போட்டுவிட்டேன்.
ஐந்தும் இளஞ்சிவப்பாய் வந்தன.
பயிற்சியாளர் தகரம் அதிரக் கத்தினார்.
காரணத்தைச் சொன்னேன்.
மாற்றுக் கால்சட்டைகள் கொண்டுவந்து வைத்தோம்.
இரண்டு பேர் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள்.