அக்டோபர் காய்ச்சல்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
டர்கான் நகரத்துப் புகைபோக்கிகள்
புகையைக் கம்பம் போல நட்டு வைத்திருக்கின்றன.
சோய்ஜில் தன் நீள அங்கிக்குள் கைவிட்டு
அக்குளிலிருந்து ஒரு குப்பியை எடுக்கிறார்,
பனியில் ஈன்ற குட்டியை எடுப்பது போல.
"நாற்பது நிமிஷம் ஆச்சு. சூடு ஆறல."
என்னிடம் இல்லை, சுவர்க் காலண்டரிடம் சொல்கிறார்.

செவெல் நாற்காலியில்.
ஆறு வருஷக் கோப்பு மடியில்:
கருக்குழாயில் சாயம் ஏற்றிப் பிடித்த படம்,
ரத்தம், மறுபடி ரத்தம்,
சினைமுட்டை வெடித்ததா என்று
மாதாமாதம் எட்டிப் பார்த்த ஸ்கேன்.
எல்லாம் அவள் பெயரில்.
அவர் பெயரில் இன்றுதான் முதல் தாள்.

ஒரு சொட்டு. மேலே கண்ணாடிச் சில்லு.
கட்டம் கட்டமாக எண்ணுகிறேன்,
கட்டைவிரல் பொத்தானில் டிக், டிக்.
பதினான்கு வருஷமாக இந்த விரலுக்கு
இதுதான் உத்தியோகம்.
தலையில் முட்டையின் சுவரைக் கரைக்கும் திரவப் பொட்டலம்,
கழுத்தில் சுற்றிய எரிபொருள்,
பின்னால் சாட்டை.
ஒன்றுக்கு இரண்டு தலை.
ஒன்றின் வால் தன்னையே கட்டிக்கொண்டிருக்கிறது.
நிறைய வெற்றுக் கட்டங்கள்.
டிக்.
வெகுநேரம் கழித்து, டிக்.

உள்ளே வைத்தால் வெந்துபோகும் என்று
உடம்பே வெளியே தொங்கவிட்ட பண்டம் அது.
குளிரில் தசை சுருக்கி மேலே அணைத்துக்கொள்ளும்,
வெக்கையில் தளர்த்தி இறக்கிவிடும்.
இரண்டு டிகிரிக்கு அத்தனை பாடு.
விரைக்குள் மடங்கிக் கிடக்கும் குழல்களை
ஒன்றோடொன்று முடிந்தால்
இவர் மந்தையின் கயிறெல்லாம் சேர்ந்தாலும் எட்டாது.
அங்கே ஓர் அணுவுக்கு வால் முளைக்க
எழுபது நாளுக்குக் கிட்ட.
பிறகு பின்புறம் சுருண்ட இன்னொரு குழல்,
ஆறு மீட்டர்,
நீச்சல் பழக இரண்டு வாரம்.
இந்தச் சொட்டைப் பிழிந்தது இன்று காலை.
ஊற வைத்தது எப்போதோ.

"செப்டம்பர் கடைசி, அக்டோபர்.
உடம்புக்கு ஏதாவது வந்ததா?"
அவர் தொப்பியைத் திருப்புகிறார்,
களவுக்குச் சாட்சி கேட்டது போல.
செவெல்தான் சொல்கிறாள்:
"ஹரா ஆத்துல குதிரைக்குட்டி ஒண்ணு விழுந்துச்சு.
பின்னாலேயே இவரும்.
ஒம்பது நாள் காய்ச்சல்.
நெத்தியில கை வெச்சா அடுப்பு."
"குட்டி?"
"பொழைச்சிடுச்சு," என்கிறார் சோய்ஜில்.
இன்றைக்கு அவர் குரல் நிமிர்ந்தது
அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

எழுதிக்கொள்கிறேன்.
காய்ச்சல் ஆறி மூன்று மாதம் போகட்டும்,
வெள்ளை மாதப் பண்டிகை முடிந்து வாருங்கள்,
மறுபடி எண்ணுவோம்.
ஒன்பது நாள் காய்ச்சல்
ஆறு வருஷத்துக்குப் பதில் சொல்லாது.
அதையும் சொன்னேன்.
சொல்லாமல் விட்டிருக்கலாமோ?
என் சம்பளத்தில் பாதி இந்தக் கேள்விக்குத்தான்.

"இருக்கிறதுக ஓடுதா?" என்று கேட்கிறாள்.
நாற்காலியை விட்டுக்கொடுத்தேன்.
நுண்ணோக்கியில் கண் பதித்து
மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.
"ஒண்ணு மட்டும் வட்டமாவே சுத்துது.
நம்ம செம்மறிக் கிடா மாதிரி."
சொல்லிவிட்டு, கோப்பால் வாயை மூடிக்கொண்டு,
சிரித்தாள்.
அவரையும் கூப்பிட்டாள்.
வேண்டாம் என்று தலையாட்டினார்,
ஆனால் ஓர் அடி பக்கத்தில் வந்து நின்றார்.

அவர்கள் போன பிறகு விதிப்படி
சில்லைக் கிருமிநாசினியில் போட வேண்டும்.
கையில் எடுத்தேன்.
அந்தக் கிடா இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
தேநீர் குடித்துவிட்டு வந்து போடலாம்.