ஆறு பாகம், பார்

பெரிய கப்பல் பாய்மரம் முறிந்து
கொட்டியாரக் குடாவில் கிடந்தது.
வேலை செய்ததெல்லாம் இந்தக் குட்டிதான்.
மரம் இரண்டு, துடுப்பு எட்டு,
எங்கள் தோணியைவிட மூன்று ஆள் நீளம்.
பின்னேசு என்றார்கள்.
கரைப் பெடியள் பின்னாச்சி என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

அடிப்பலகை முழுக்கப் புழு தின்ற துளை.
கீலும் தும்பும் அடைத்தும்
நாழிகைக்கு ஒருதரம் தண்ணீர் இறைக்க வேண்டும்.
இதிலா இவ்வளவு கடல் தாண்டினீர்கள் என்றேன்.
சவிரியான் அதை மாற்றிச் சொல்லவில்லை.
மன்னாரான். பறங்கிப் பேச்சும் தெரியும்,
எதை விழுங்கவேண்டும் என்பதும்.

வழிகாட்டும் கூலி
நாளுக்கு ஒரு முழம் சிவப்புத் துணி.
'கடலைக் காட்டிக் குடுக்கிறதுக்கோ?' என்றாள் மாதுமை.
கடல் அங்கேதானே கிடக்கிறது,
யார் என்ன காட்ட, என்றேன்.
அவள் துணியைத் தொடவில்லை.
பிறகு என்னோடு பேசவுமில்லை.

ஹம்ஃப்ரி என்றொருவன், ஒரு காது இல்லை,
அணியத்தில் நின்று ஈயக்குண்டை வீசுவான்.
குண்டின் அடியில் ஒரு குழி,
குழியில் மாட்டுக் கொழுப்பு.
கயிறு ஓட ஓட
தோல்முடிச்சுகளை விரலால் எண்ணுவான்.
இழுத்தால் கொழுப்பில் கடலடி ஒட்டியிருக்கும்:
சேறு, கரிய மணல், உடைந்த சிப்பி,
ஒருதரம் உயிரோடு ஒரு நண்டுக்குஞ்சு.
கணக்கன் மோந்து பார்ப்பான்,
சிலவேளை நாக்கில் வைப்பான்,
எழுதுவான்.
பிறந்ததிலிருந்து இந்தக் கடலின் முகத்தைத்தான் அறிவேன்.
இவர்கள் அடிவயிற்றைத் தடவினார்கள்.

உட்துறை வாயில்
கயிறு முழுக்க ஓடியும் தரை தட்டவில்லை.
இன்னொரு கயிறு முடிந்தார்கள். அதுவும் காணாது.
கணக்கன் சிரித்தான்,
வெட்கமா ஆசையா தெரியவில்லை.
அதையும் எழுதிக்கொண்டான்.

ஐந்தாம் நாள்
கச்சான் விழுந்து கடல் எண்ணெயாய்க் கிடந்தது.
துடுப்பு வலித்துச் சாமிமலைக்குக் கீழே வந்தோம்.
மேலே கோயில் இருந்த இடத்தில் வெயில் இருந்தது.
பறங்கி இடித்துத் தள்ளியபோது
அப்புவுக்கு ஏழு வயது.
மூன்று நாள் தண்ணீர் வெள்ளையாய்க் கிடந்ததாம்.
அதற்குமேல் அவர் சொன்னதில்லை,
நான் கேட்டதுமில்லை.

இங்கே வீசாதே என்றேனா?
வாய் திறந்தது தெரியும்.
குண்டு போய்விட்டது.

ஆறு பாகம்.
டொக்.
காதுக்கு வராது,
கயிற்றின் வழியே கைக்கு வரும் சத்தம்.

இழுத்தான்.
மணலில்லை, சேறில்லை.
கொழுப்பில் ஓர் இதழ்.
பக்கத்தில் இன்னொன்றின் பாதி.
உளி போன விளிம்பு
நேற்றுச் செதுக்கியதுபோல் கூராக.
தாமரையின் கீழ்வரிசை,
மாட்டுக் கொழுப்பில்.

என்ன என்பதுபோல் ஹம்ஃப்ரி என்னை நிமிர்ந்து பார்த்தான்.
'பார்' என்றேன்.
கடலடிக் கல்லுக்கும் எங்களிடம் அதுதான் பெயர்.
சவிரியான் கல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தான்,
கொடுத்துவிட்டுத்
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கணக்கன் தாளில் சின்னதாய் ஒரு சிலுவை போட்டான்.
கல்லுக்கு அவர்கள் போடும் குறி அது.
பக்கத்தில் ஆறு.

ஹம்ஃப்ரி பெருவிரலால் இதழை வழித்தான்.
கெட்டவன் இல்லை.
அடுத்த வீச்சுக்குக் கொழுப்பு மழமழப்பாய் இருக்கவேண்டும்.

அந்தியில் இறைக்கும் முறை என்னுடையது.
குட்டிக்கப்பலின் வயிற்றிலிருந்து
வாளி வாளியாக எடுத்து
கடலைக் கடலிலேயே ஊற்றினேன்.

ஆறாம் நாள் சவிரியான்
கரையில் நின்று கூப்பிட்டான்.
வலை கிழிஞ்சு கிடக்கு, வரேலாது என்றேன்.
கிழியவில்லை.
உள்ளேயிருந்து மாதுமை வந்து
ஊசியும் நூலும் நீட்டினாள்.
பொழுது சாயும்வரை
நல்ல வலையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.