கூடுதல் முயற்சி

மஸ்கட், ருவி. பள்ளிக்கூட அரங்கு. வெள்ளிக்கிழமை.
பதினாறு மேஜை, பதினாறு டைமர்.
ஏசிச் சத்தம் என் காதுக்குச் சரியில்லை,
பெல்ட் தளர்ந்திருக்கிறது.
அது இன்றைக்கு என் வேலையல்ல.
இன்றைக்கு நான் ஏழாம் மேஜை நடுவர்.
கழுத்தில் அட்டை, கையில் நீலப் பேனா.

அஸ்ஸான் வந்து உட்கார்ந்தான். பன்னிரண்டு வயது.
எட்டாவது விநாடியில் குரல் கொடுத்தேன்,
பன்னிரண்டில் கொடுத்தேன்,
கியூப்பைத் தூக்கினான்.
விரல்களா அவை, சட்டியில் கடுகு.
கடுகு மாதிரியே ஒன்று வெளியே தெறித்தது:
வெள்ளையும் பச்சையுமாய் ஒரு விளிம்புத் துண்டு
எட்டாம் மேஜைக்கு அடியில் போய்க் கிடந்தது.
மண்டியிட்டு எடுத்தான்,
அழுத்திச் செருகினான், மிச்சத்தை முடித்தான்.
நாற்பத்தெட்டு புள்ளி மூன்று ஒன்று.
ஒன்பதுக்குள் முடிக்கிறவன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
விதி தெரியும். தெரிந்தும் பார்த்தான்.
நான் எழுதினேன்.
கீழே அவன் கையெழுத்து,
வலமிருந்து இடமாக, அவசரமில்லாமல்.

பிறகு ஜோமர். காப்பிக் கடைச் சீருடையோடு வந்திருந்தான்.
அவன் முடித்துக் கையை வைத்தபோது
பின்வரிசை எழுந்தேவிட்டது.
டைமரில் பூஜ்யம்.
தொடங்கவே இல்லை.
நானும் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஷுஐப் வந்தார், பேட்டரியைக் கழற்றினார், உதட்டைப் பிதுக்கினார்.
பழுது நம்முடையது. கூடுதல் முயற்சி. புதுக் கலைப்பு.
ஏழு இருந்திருக்கும், என்றான் ஜோமர்,
யாரிடமும் இல்லை.
மறுமுறை பதிமூன்று.
நியாயம்தான்.
அந்த ஏழு மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

இடைவேளையில் அஸ்ஸான் வந்தான்.
கோபமில்லை, கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல்:
அவருக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை?

உன் கியூப் நீ தேடி வாங்கியது,
திருகு இறுக்கியதும் எண்ணெய் விட்டதும் நீ.
டைமர் நாங்கள் வைத்தது.
நாங்கள் வைத்தது கெட்டால்
நாங்கள்தானே ஏற்கவேண்டும்?

ஸெயின், என்று சாண்ட்விச்சைக் கடித்தபடி போய்விட்டான்.
நான் சொன்னது மட்டும் போகாமல் நின்றது.

ஆகஸ்ட். ருசைலில் ஒரு மொட்டைமாடி.
கேஜில் முள் எண்பதில் நின்றிருந்தது.
கம்ப்ரசர் எண்பதில் இல்லை.
வால்வு போன பிறகுதான் முள் அசைந்தது.
மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.
தாளில் என்னவோ அரபியில் இருந்தது,
விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
அந்தக் கேஜை நான் வாங்கவில்லை.

மூன்றாம் சுற்றுக்கு அழைக்கிறார்கள்.
ஏழாம் மேஜையில் புது பேட்டரி.
ஓடவிடுகிறேன், நிறுத்துகிறேன்,
பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஓடவிடுகிறேன்.
சரியாக இருக்கிறதா, என்கிறார் ஷுஐப்.
இருக்கிறது.
இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.